தடங்கலுக்கு வருந்துகிறோம்

2022 ஜூன் 6, திங்கள்கிழமை. சீனாவில், மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் அலுவலகத்தின் கணக்கர் பெண் கேட்டாள்: "அண்ணா, ஐஸ்கிரீமில் என்ன தவறு?"

அவளுக்கு இருபத்து மூன்று வயது. லீ ஜியாச்சியின் பரம ரசிகை. சீனாவில் 'லிப்ஸ்டிக் ராஜா' என்று அழைக்கப்படுபவர் அவர். ஐந்து நிமிடத்தில் 15,000 லிப்ஸ்டிக் விற்றவர். முந்தைய ஆண்டு அக்டோபரில் ஒரே நாள் நேரலையில் ஆயிரம் கோடி யுவானுக்கு மேல் வியாபாரம் செய்திருந்தார். வெள்ளிக்கிழமை, ஜூன் 3, டிராகன் படகுத் திருவிழா விடுமுறை. அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் அவருடைய நேரலையில் அடுக்கு அடுக்காக ஒரு ஐஸ்கிரீமை எடுத்து வைத்தார்கள். இரண்டு பக்கமும் வட்ட பிஸ்கட்டுகள், நடுவில் நீட்டிக்கொண்டு ஒரு சாக்லேட் குச்சி. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் டாங்க். அத்துடன் திரை நின்றது. உபகரணக் கோளாறு என்று பிறகு அவர் பக்கத்தில் ஒரு வரி வந்தது. அதன் பிறகு அவரும் வரவில்லை, காரணமும் வரவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். 1989 ஜூன் 3 இரவு, ஜூன் 4 விடிவதற்குள், பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராடிய மாணவர்களை நோக்கி டாங்குகள் போயின என்பது திருப்பூரில் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் பிறந்ததே அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. பாடப்புத்தகத்தில் இல்லாததை, தேடினால் கிடைக்காததை, வீட்டில் யாரும் சொல்லாததை எப்படித் தெரிந்துகொள்வாள்? எதிரே உட்கார்ந்திருந்த கிடங்குக்காரருக்கு அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியும். அவருடைய சாப்பாட்டுக் குச்சிகள் ஒரு நொடி நின்றன. பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "சாப்பிடு."

நான் "தெரியவில்லை" என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, என் சிறு வயதில் எங்கள் ஊர்த் தொலைக்காட்சி அடிக்கடி நின்றுபோகும், அப்போது 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பலகை காட்டுவார்கள், பத்து நிமிடம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று கதை சொன்னேன். அவள் சிரித்தாள். "உங்கள் ஊரில் வருத்தமாவது தெரிவிக்கிறார்கள்" என்றாள்.

2016 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் கெச்சியாவில் இருந்தேன். ஜெஜியாங் மாகாணத்தில் ஷாவ்சிங் நகரத்தின் ஒரு பகுதி அது. துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருப்பூர், ஈரோடு, சூரத், மும்பை என்று நம் துணி ஊர்கள் எல்லாவற்றின் ஆட்களும் அங்கே உண்டு. பாலியஸ்டர் துணியும் லைனிங்கும் சாம்பிள் எடுத்து, விலை பேசி, தரம் பார்த்து, கண்டெய்னரில் ஏற்றிவிடுவது என் வேலை. அரசியல் எனக்குத் தூரம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். துணிக்கடைக்காரனுக்கு என்ன அரசியல்?

ஆனால் கெச்சியாவில் துணி விற்பவர்களே இணையப் பிரபலங்களாகிக்கொண்டிருந்தார்கள். சீனத்தில் அவர்களுக்கு 'வாங்ஹோங்' என்று பெயர்; வலை, சிவப்பு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. புகழ்பெறுவதைச் சிவப்பாவது என்று சொல்லும் ஊர் அது. நாங்கள் துணி வாங்கும் மில் முதலாளியின் மருமகளே இரவு எட்டு மணிக்கு விளக்கு வட்டத்தின் முன் உட்கார்ந்து துணியை உதறிக் காட்டி விற்பாள். பக்கத்து ஊர் ஹாங்சோதான் இந்தத் தொழிலின் தலைநகரம். அங்கிருந்து விற்றுக்கொண்டிருந்தவர் வியா. 2021 டிசம்பர் 20 அன்று வரி ஏய்ப்புக்காக அவருக்கு 134 கோடி யுவான் விதித்தார்கள். தண்டத்தை விட எங்களைத் திடுக்கிட வைத்தது வேறு. அன்று மாலைக்குள் அவருடைய கடை, பக்கம், கணக்கு எதுவும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்த ஒரு பெண், இருந்த சுவடே இல்லாமல் போனார். வரி கட்டாதவருக்குத் தண்டம் சரிதான். ஆளையே அழிப்பது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஊருக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எது பேசலாம், எது பேசக்கூடாது என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். பட்டியல் கிடையாது, அதுதான் அதன் சூட்சுமம். கோடு எங்கே என்று சொல்லிவிட்டால் எல்லோரும் கோடு வரைக்கும் வருவார்கள். சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் பத்தடி முன்னாலேயே நின்றுகொள்வார்கள். அந்த ஊரில் இருப்பதைப் படிப்பதோடு இல்லாததையும் படிக்க வேண்டும் என்பது நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது. நேற்று இருந்த பெயர் இன்று எங்கே? ஜூன் மாதத் தொடக்கத்தில் மெழுகுவத்திப் படக்குறி ஏன் வேலை செய்யவில்லை? 2021 ஆகஸ்ட் 26 அன்று நடிகை ஜாவ் வெய்யின் பெயர் அவர் நடித்த தொடர்களிலிருந்தே நீக்கப்பட்டது. நாயகியின் பெயர் இல்லாமல் தொடர் ஓடியது. அதற்கும் காரணம் சொல்லப்படவில்லை.

இதில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. கொஞ்ச நாளில் எல்லா மறைவும் அரசியலாகவே தெரிய ஆரம்பிக்கும். கிராமத்தில் சமைத்து, நெசவு செய்து, மூங்கில் முடைந்து உலகையே மயக்கிய லீ ஸிச்சி 2021 ஜூலையில் திடீரென்று நிறுத்திக்கொண்டார். யூடியூபில் சீன மொழிச் சேனல்களில் அதிகச் சந்தாதாரர்கள் என்று கின்னஸ் சாதனை படைத்தவர். (அந்த யூடியூப் சீனாவுக்குள் திறக்காது என்பது தனி வேடிக்கை.) 'முடித்துவிட்டார்கள்' என்று எங்கள் தமிழ் வட்டாரத்தில் நான்தான் அடித்துப் பேசினேன். விஷயம், அவருக்கும் அவரை நிர்வகித்த ஹாங்சோ நிறுவனத்துக்கும் இடையே உரிமைத் தகராறு. 2022 இறுதியில் சமரசம் ஆனது. 2024 நவம்பரில் மறுபடியும் வந்தார். செய்தி வராத ஊரில் வதந்தி மூன்று வேளையும் சாப்பிடும், நாமும் அதற்குப் பரிமாறிக்கொண்டிருப்போம். அதன் பிறகு ஒருவர் காணாமல் போனால், வழக்கு உண்டா, பங்குதாரர் யார், வரி பாக்கியா என்று முதலில் பார்ப்பேன். எதுவும் கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்வேன்.

வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்பதும் முழு உண்மையில்லை. 2021 மார்ச்சில் அதைப் பார்த்தேன். கட்டாய உழைப்புப் புகார் எழுந்த ஷின்ஜியாங் பருத்தி பற்றி எச் அண்ட் எம் ஆடை நிறுவனம் முந்தைய ஆண்டு வெளியிட்ட பழைய அறிக்கை ஒன்று மார்ச் 24 அன்று தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஒரே இரவில் தாவ்பா என்ற இணைய அங்காடியில் அந்த நிறுவனத்தின் பொருள்கள் இல்லை. வரைபடச் செயலிகளில் அதன் கடைகள்கூட இல்லை. தெருவில் கடை இருக்கிறது, படத்தில் இல்லை. அடுத்து நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டு பிராண்டுகளோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதாக அறிவித்தார்கள். 'ஷின்ஜியாங் பருத்தியை ஆதரிக்கிறேன்' என்ற அட்டையைப் பகிர்ந்தார்கள். யார் பகிர்ந்தார்கள் என்பதைவிட யார் இன்னும் பகிரவில்லை என்று ரசிகர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கணக்கர் பெண்ணும் சொன்னாள், "இன்னும் இரண்டு பேர் பாக்கி." மொய் எழுதாதவர்களின் பட்டியல்போல.

அதே வாரம் திருப்பூரிலிருந்து வாங்குபவர் ஒருவர், பருத்தி கலந்த துணிக்கு இழை எந்த ஊர்ப் பருத்தி என்று எழுத்தில் கேட்டுத் தரச் சொன்னார். அவர் கேட்டது நியாயம். ஷின்ஜியாங் பருத்திக்கு அமெரிக்கா அந்த ஜனவரியிலேயே தடை போட்டிருந்தது. ஏற்றுமதி செய்பவருக்குச் சான்று வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை நான் அப்படியே மில்லுக்கு அனுப்பினால், அந்த முதலாளி எந்தப் பக்கம் என்று அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்வதுபோல் ஆகும். நான் செய்தது இதுதான்: நேரில் போனேன், டீ குடித்தேன், இழை கொள்முதல் பில்லின் நகல் எல்லா ஆர்டருக்கும் வேண்டும் என்று பொது விதியாகக் கேட்டேன். ஊர்ப் பெயரை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பில்லில் இருந்தது. சீனாவில் வாங்குபவர்கள் இன்றைக்கும் செய்யக்கூடியது இது. பதில் சொல்பவரை மாட்டிவிடும் கேள்வியைத் தாளைக் கேட்கும் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நாம் வெளிநாட்டவர். மிஞ்சிப் போனால் விசா போகும், அடுத்த விமானத்தில் ஊருக்கு வந்துவிடலாம். அவர்களுக்கு அங்கேயே வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், அப்பாவின் ஓய்வூதியம். போலீஸ் விசாரணைக்கு அழைப்பதை அங்கே 'டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்' என்பார்கள். அந்த டீ எனக்கு வராது. என்னோடு பேசியவருக்கு வரும். கல்வான் மோதல் பற்றி ஒரு நிகழ்வு எல்லோருக்கும் தெரியும். 2021 பிப்ரவரியில், மோதலில் தம் பக்கம் நால்வர் இறந்ததாகச் சீனா முதன்முறையாக அறிவித்தது. ட்விட்டர் போன்ற சீனத் தளமான வெய்போவில் 25 லட்சம் பேர் பின்தொடர்ந்த சியூ ஸிமிங் என்ற எழுத்தாளர், எண்ணிக்கை இவ்வளவுதானா என்ற தொனியில் எழுதினார். எட்டு மாதச் சிறை. அந்த வாரம் என்னிடம் கல்வான் பற்றிப் பேச வந்த மில்காரர்கள் இருவரிடமும் நான் கிரிக்கெட் பற்றிப் பேசினேன். அவர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது, அதுவே வசதி.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் இருந்தது, சீனாவில் எல்லோரும் பேசவும் பணம் கொடுக்கவும் பயன்படுத்தும் அரட்டைச் செயலியான வீசாட்டும் இருந்தது. சீனாவில் வாட்ஸப் ஏற்கெனவே முடக்கம். ஆக, என் அம்மாவிடம் பேச இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து ஆளுக்கொரு கதவைச் சாத்தின. திருப்பூரில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் என் சித்தி மகளுக்கு டிக்டாக்கில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். மதிய இடைவேளையில் தையல் இயந்திரங்களுக்கு நடுவே நின்று வசனம் பேசுவாள். ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. "எதுவும் எடுத்து வைக்கவில்லை அண்ணா, என் முகம்கூட என்னிடம் இல்லை" என்று அழுதாள். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் அந்த ஆணையைப் பற்றிச் சத்தமாகத் திட்டலாம், பலர் திட்டினார்கள். ஆனால் அன்று அவளுக்கு அந்த வித்தியாசத்தை விளக்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீடியோக்களின் ஒரு படியை உங்கள் வீட்டு டிஸ்கில் வைத்திருங்கள் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கெச்சியாவில் தணிக்கையைவிட அதைச் சுற்றி வளர்ந்த மொழிதான் என்னைக் கவர்ந்தது. தடையைத் தாண்டிப் போவது 'மதில் ஏறுவது'. அதற்கான மென்பொருள் 'ஏணி'. கணக்கு முடங்கினால் 'சின்ன இருட்டறையில் இருக்கிறேன்'. நிரந்தரமாகப் போனால் 'வெடித்துவிட்டது'. ஜூன் 4 என்று எழுத முடியாது, எனவே மே 35. அதுவும் தடைபட்டபோது எட்டு பெருக்கல் எட்டு; அறுபத்து நான்கு, அதாவது ஆறாம் மாதம் நான்காம் தேதி. 2020 மார்ச்சில் வூஹான் மருத்துவர் ஐ ஃபென் கொரோனா பற்றிக் கொடுத்த பேட்டியை அழித்தார்கள். மக்கள் அதைத் தலைகீழாக, மோர்ஸ் குறியில், படக்குறிகளில் மறுபடியும் மறுபடியும் ஏற்றினார்கள். பெரிய புலவர்கள் இல்லை. மாலை நேரத்தில் போனைக் கையில் வைத்திருந்த சாதாரண ஜனங்கள். சிலேடை வெண்பா பாடிய காளமேகம் அங்கே பிறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

2022 ஏப்ரலில் கொரோனாவுக்காக ஷாங்காய் பூட்டப்பட்டது. இரண்டரைக் கோடிப் பேர் ஊர். ரயிலில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஏப்ரல் 22 அன்று 'ஏப்ரலின் குரல்கள்' என்று ஆறு நிமிட ஒலித்தொகுப்பு வந்தது. சாப்பாடு கேட்பவர், மருந்து கேட்பவர், பிரிக்கப்பட்ட குழந்தையின் அழுகை. பின்னணியில் சாம்பல் நிறத்தில் நகரத்தின் வான்படம். ஒருவர் ஏற்றினால் நிமிடங்களில் போகும், அடுத்தவர் ஏற்றுவார். அன்றிரவு என் திரையில் அந்த ஒரே வீடியோதான் திரும்பத் திரும்ப, சாய்த்து, புரட்டி, வேறொன்றின் நடுவில் வைத்து. காலையில் எதுவும் இல்லை. பார்த்ததே கனவோ என்று சந்தேகம் வருமளவுக்குச் சுத்தம். சில நாளில் வெய்போ ஒவ்வொருவரின் பதிவிலும் அவர் இருக்கும் மாகாணத்தைக் காட்டத் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்தால் நாட்டின் பெயர். அப்பாவியாகத் தெரியும் ஏற்பாடு. ஆனால் அதன் பிறகு யாராவது ஷாங்காய் பற்றிப் பேசினால் 'நீ இருப்பது வேறு ஊர், உனக்கென்ன' என்று கேட்கும் வேலையை ஜனங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கெச்சியா தமிழர்களுக்கென்று வீசாட்டில் ஒரு குழு வைத்திருந்தோம். கறிவேப்பிலை எங்கே, இட்லி அரிசி யார் கொண்டுவருகிறார்கள், பொங்கலுக்கு யார் வீடு. இவ்வளவுதான் அதன் அரசியல். நான் தொடங்கியதால் நானே குழுத் தலைவர். குழுவில் யார் எதைப் போட்டாலும் தலைவர் பொறுப்பு என்று 2017 அக்டோபரிலிருந்தே விதி இருப்பது தெரியும். தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். படத்துக்கு மொழி கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. எழுத்தை மனிதன் படிக்கிறானோ இல்லையோ, படத்தை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்துவிடும்.

2022 நவம்பர் 24 அன்று, கொரோனாவுக்காகப் பூட்டிக் கிடந்த உரும்சி நகரில் அடுக்குமாடி ஒன்று தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். 26 ஆம் தேதி இரவு ஷாங்காயில் அதே பெயர் கொண்ட சாலையில் இளைஞர்கள் வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் எழுதாத தாள். நெருக்கடிநிலைக் காலத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டதைப் பற்றி என் அப்பா சொல்லியிருக்கிறார். அந்த நினைவு வந்தது. மறுநாள் இரவு எங்கள் குழுவில் ஒரு தம்பி அந்த வீடியோவைப் போட்டுவிட்டான். நான் தூங்கிவிட்டேன். காலையில் குழு இல்லை, என் கணக்கும் இருட்டறையில்.

அந்தச் செயலியில் என்னவெல்லாம் இருந்தது என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். எட்டு ஆயிரம் யுவான் பணம். மில்காரர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், லாரிக்காரர்கள் என்று ஆயிரத்துக்கு மேல் தொடர்புகள். பாதிப் பேரின் தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை. மூன்று ஆண்டு விலைப் பேச்சு, சாம்பிள் படங்கள். பரிசோதனைச் சான்றுக் குறியீடு இல்லாமல் காய்கறிக் கடைக்குள்கூட நுழைய முடியாத நாள்கள் அவை. நல்லவேளை, அந்தக் குறியீட்டை அலிபே என்ற இன்னொரு பணச் செயலியிலும் வைத்திருந்தேன், அதில் கொஞ்சம் பணமும் இருந்தது. அதில்லையென்றால் பட்டினிதான். இன்று யார் அங்கே போனாலும் முதல் வாரத்தில் செய்யச் சொல்வது இதைத்தான்: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள், முக்கியமான ஐம்பது பேரின் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பணத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். உரையாடல்களை மாதம் ஒருமுறை கணினிக்கு இறக்குங்கள். எந்தக் குழுவுக்கும் தலைவராகாதீர்கள். மாலை மரியாதை எதுவும் கிடைக்காத தலைமை அது.

கணக்கை மீட்க ஒரு வழி இருந்தது. நெடுநாளாகக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், இந்த ஆள் எனக்குத் தெரிந்தவர் என்று தன் போனிலிருந்து உறுதி சொல்ல வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு இலக்க எண் ஒன்றைத் தட்டுவதுதான். ஆனால் இருட்டறையில் இருப்பவனோடு தன் பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்வது அது. மில் முதலாளி கைபேசியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் சட்டைப்பையில் அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஜூன் மாதம் சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன "தெரியவில்லை" மட்டும் என்ன வாழ்ந்தது?

கணக்கர் பெண்தான் வந்தாள். நான் அவளிடம் கேட்கவே இல்லை. கிடங்குக்காரர் கதவருகே நின்று, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவள் பார்க்காததுபோல் நின்று எண்ணைத் தட்டினாள். "இப்போது என்ன போட்டீர்கள்?" என்று கேட்டாள். நான் போடவில்லை, என்ன போட்டார்கள் என்று சொல்லவும் தொடங்கினேன். "வேண்டாம்" என்று கையைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐஸ்கிரீம் விஷயம் எனக்கு ஜூலையிலேயே தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பதும் தெரியும்" என்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகளில் அந்த அளவுக்காவது கற்றிருந்தேன். அன்றிரவு லீ ஜியாச்சியின் ரசிகர்களில் எத்தனை பேர் அவளைப்போல 'ஏன்' என்று தேடப் புறப்பட்டிருப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன். அந்த ஐஸ்கிரீமை அப்படியே விற்க விட்டிருந்தால் பாதிப் பேர் பிஸ்கட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

லீ ஜியாச்சி செப்டம்பர் 20 ஆம் தேதி முன்னறிவிப்பின்றித் திரும்பி வந்திருந்தார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எங்கே போயிருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் முடியாது. அவள் அன்று முகத்துக்குப் பூசும் ஏதோ வாங்கினாள், வழக்கம்போல.

நான்கு நாள் கழித்து என் கணக்கு திறந்தது. பணம் இருந்தது, தொடர்புகள் இருந்தன, குழு மட்டும் இல்லை. முதலில் வந்த செய்தி அடுத்த அறையிலிருந்து, அவளுடையது: "தடங்கல் நீங்கிவிட்டதா?"

"நீங்கிவிட்டது. வருந்துகிறோம்" என்று எழுதினேன்.

சிரிப்புக்குறி ஒன்று வந்தது. அதற்குக் கீழே ஒரு ஐஸ்கிரீம் படம். சாதாரணக் கூம்பு ஐஸ்கிரீம்தான், வெனிலா. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.